ரேகன்ஸ்பர்க், 1541: உடன்பாடு கையெட்டும் தொலைவுக்கு வந்த பிறகும் திருச்சபை ஏன் பிளந்தது?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தை நம் பாடநூல்கள் சொல்லும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. 1517 அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்தார். 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னிலையில் தம் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். அத்துடன் மேற்கு ஐரோப்பியக் கிறித்தவம் இரண்டாயிற்று. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் வோர்ம்ஸுக்கும் 1555ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கைக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்கள் பிளவை முடிந்துபோன ஒன்றாகக் கருதவில்லை; அதைச் சரிசெய்ய முடியும் என்று நம்பி உழைத்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். அந்த உழைப்பு மிக உயரத்தை எட்டிய இடம் ரேகன்ஸ்பர்க் என்பதால், அதைப் பற்றி இங்கு விரிவாகப் பேச விரும்புகிறேன்.

1541இல் டான்யூப் கரையிலுள்ள அந்நகரில் பேரரசு மன்றம் கூடியபோது, சார்லஸ் இரு தரப்பிலிருந்தும் மூன்று மூன்று இறையியலாளர்களைத் தெரிவு செய்தார். கத்தோலிக்கத் தரப்பில் யோஹான் எக், யூலியஸ் ஃப்ளுக், யோஹான் குரோப்பர். சீர்திருத்தத் தரப்பில் ஃபிலிப் மெலாங்க்தன், மார்ட்டின் பூட்சர், யோஹான் பிஸ்டோரியஸ். பேரரசரின் அமைச்சர் கிரான்வெல்லும் பலட்டினேட் குடும்பத்து ஃபிரெடரிக்கும் தலைமை வகித்தனர். போப்பாண்டவர் மூன்றாம் பவுல் அனுப்பிய தூதரான கர்தினால் காஸ்பரோ கொந்தரீனி உரையாடல் அறையில் அமரவில்லை. ஆனால் கத்தோலிக்க மூவரும் அவருடைய வழிகாட்டுதலைப் பெற்றே பேசச் சென்றனர். அவர்கள் முன் வைக்கப்பட்ட 23 பிரிவுகள் கொண்ட வரைவு, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வோர்ம்ஸில் குரோப்பரும் பூட்சரும் பெரும்பாலும் மறைவாக உட்கார்ந்து ஆக்கியது.

ஏப்ரல் 27 அன்று பேச்சு தொடங்கியது. முதல் நான்கு பிரிவுகள் விரைவாகக் கடந்தன. மே 2 அன்று, மனிதன் கடவுளின் முன் எவ்வாறு நீதிமானாக்கப்படுகிறான் என்ற ஐந்தாம் பிரிவில் ஆறு பேரும் ஒப்பினர். திருச்சபை நிற்பதும் வீழ்வதும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது என்று லூதரின் ஊரான விட்டன்பர்க்கின் தரப்பினர் கருதிய கேள்வி அது. அன்பின் வழியாகச் செயல்படும் உயிருள்ள விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான். கிறிஸ்துவின் நீதி அவனுக்கு உரியதாக எண்ணப்படுகிறது. அவனுக்குள்ளும் ஒரு நீதி அருளப்படுகிறது. ஆயினும் விசுவாசமுள்ள ஆன்மா தனக்குள் இருக்கும் நீதியை அன்றிக் கிறிஸ்துவின் நீதியையே சார்ந்து நிற்கிறது என்பதே அப்பிரிவின் சாரம். ஸ்ட்ராஸ்பர்க் நகரின் சார்பில் அங்கு வந்திருந்த ஜான் கால்வின், எதிர்த்தரப்பினர் இவ்வளவு விட்டுக்கொடுத்தது வியப்பளிப்பதாகத் தம் நண்பர் ஃபாரேலுக்கு எழுதினார். கால்வின் எளிதில் வியப்பவர் அல்லர்.

ஆயினும் மே 22க்குள் எல்லாம் முறிந்துவிட்டது. மறைநூலுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் திருச்சபைக்கு எவ்வளவு உண்டு என்ற பிரிவு முடிவின்றி ஒதுக்கி வைக்கப்பட்டது. நற்கருணை பற்றிய பிரிவில் பேச்சு நின்றே போயிற்று. பாவ அறிக்கை கட்டாயமா என்பதிலும் இணக்கம் வரவில்லை.

என் கருத்தை முன்னரே சொல்லிவிடுகிறேன். பிளவை நிலைபெறச் செய்தது மீட்பு பற்றிய கோட்பாடு அன்று. எது கோட்பாடு என்று அறுதியிட்டுச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வியே அதை நிலைபெறச் செய்தது. இதை மறுப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். அவர்களின் வாதங்களை அறியவே இந்த இழையைத் தொடங்கினேன்.

---

கல்வெட்டுநேசன்

வைகறை ஐயா, தாங்கள் எடுத்துக்கொண்ட தருணம் மிகச் சரியானது. ஆனால் அந்த அறைக்குள்ளேயே காரணத்தைத் தேடுவது போதாது என்பது என் எண்ணம். அறைக்கு வெளியே யார் இந்த உடன்பாட்டை விரும்பினார்கள் என்று ஒருவர் கணக்கெடுத்துப் பார்த்தால், பேரரசரைத் தவிர வலிமையுள்ள எவரும் மனமார விரும்பவில்லை என்பது தெரியவரும்.

சார்லஸுக்கு உடன்பாடு ஏன் தேவைப்பட்டது? சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரியில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் புடா நகரம் உதுமானியர் கைக்குப் போயிற்று. சீர்திருத்த இளவரசர்களின் பணமும் படையும் இல்லாமல் அதை எதிர்கொள்ள அவரால் இயலாது. ஆனால் பேரரசு ஒன்றுபட்டால் சார்லஸின் கை ஓங்கிவிடும் என்று பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் அஞ்சினார். பவேரியக் கோமகன்கள் உறுதியான கத்தோலிக்கர்கள். அவர்கள் கேட்டது சமரசம் அன்று, ஆயுத நடவடிக்கை. மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட்டும் அவர்கள் பக்கமே நின்றார். ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் பெற்ற கடனை அடைப்பதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டு வருவாயில் பாதியை எடுத்துக்கொண்டாரே, லூதர் 1517இல் தம் கருத்துரைகளை அனுப்பி வைத்தாரே, அதே ஆல்பிரெக்ட்தான். மறுபுறம் சாக்சனியின் தேர்வாளர் (பேரரசரைத் தெரிவு செய்யும் உரிமை பெற்ற இளவரசர்) யோஹான் ஃபிரெடரிக், லூதரன் தரப்பு 1530இல் பேரரசரிடம் அளித்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலிருந்து ஓர் எழுத்தும் விலகக் கூடாது என்ற கட்டளையுடனேயே மெலாங்க்தனை அனுப்பியிருந்தார்.

சொத்தையும் மறந்துவிடக் கூடாது. சீர்திருத்தம் ஏற்ற நாடுகளில் மடங்களின் நிலமும் வருவாயும் ஆட்சியாளரின் நிருவாகத்துக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகும் நிலை. அவற்றிலிருந்து பள்ளிகளும் மருத்துவ இல்லங்களும் போதகர் ஊதியமும் நடந்தன, அரண்மனைச் செலவும் நடந்தது. இறையியலாளர் ஆறு பேர் கைகுலுக்கிவிட்டதற்காக அவற்றைத் திருப்பித் தர எந்த இளவரசர் முன்வந்திருப்பார்?

ஓர் எடுத்துக்காட்டு போதும். உரையாடலில் கத்தோலிக்கத் தரப்பில் அமர்ந்திருந்த ஃப்ளுக், அதே 1541ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நௌம்பர்க் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். யோஹான் ஃபிரெடரிக் அவரைப் பதவியில் அமர விடவில்லை. அவ்விடத்தில் லூதரின் நண்பர் ஆம்ஸ்டார்ஃபை அமர்த்தினார். 1542 சனவரியில் லூதரே அவரை அருட்பொழிவு செய்துவைத்தார். பேச்சு மேடையில் எதிரே அமர்ந்து இணக்கம் தேடியவரின் ஆயர் இருக்கையே பறிக்கப்பட்டது என்றால், அங்கு எட்டப்படும் எந்த இறையியல் உடன்பாடும் மண்ணில் வேர்விடுவதற்கு இடம் எங்கே இருந்தது?

---

எழில்மலர்

நான் சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள். ஆகவே என் பார்வை எங்கிருந்து வருகிறது என்பதை வாசிப்பவர்கள் அறிந்திருக்கட்டும். வைகறை அவர்கள் ஐந்தாம் பிரிவை உண்மையான உடன்பாடாகக் கொள்கிறார். எனக்கு அது அவ்வாறு தோன்றவில்லை.

அப்பிரிவில் இரண்டு நீதிகள் பேசப்படுகின்றன. ஒன்று கிறிஸ்துவினுடையது, மனிதனுக்கு வெளியே நிற்பது, அவனுடையதாக எண்ணப்படுவது. மற்றொன்று அருளால் அவனுக்குள் உண்டாவது. இவற்றில் எதன் காரணமாகக் கடவுள் அவனை ஏற்கிறார்? ‘அன்பின் வழியாகச் செயல்படும் விசுவாசம்’ என்ற சொற்றொடர் கலாத்தியர் திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டது. எக் அதை வாசித்தபோது, அன்பே விசுவாசத்துக்கு உயிரூட்டி அதை மீட்பளிக்க வல்லதாக ஆக்குகிறது என்று புரிந்துகொண்டார். மெலாங்க்தன் அதை வாசித்தபோது, விசுவாசமே மீட்கிறது, அன்பு அதன் கனியாகப் பின்தொடர்கிறது என்று புரிந்துகொண்டார். ஒரே வாக்கியத்தின் கீழ் இருவரும் ஒப்பமிட்டார்கள் என்பதால் இருவரும் ஒரே கருத்தினர் ஆகிவிடவில்லை.

லூதரின் எதிர்வினையும் இங்கே எடையிடத் தக்கது. தேர்வாளர் அனுப்பிய அப்பிரிவை விட்டன்பர்க்கில் படித்துப் பார்த்த அவர், அது பல துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது என்ற பொருளில் பதில் எழுதினார். மே மாத இறுதியில் ரோமில் கூடிய கர்தினால்கள் அவையும், தெளிவின்மையைக் காரணம் காட்டி அதை ஏற்க மறுத்தது. விட்டன்பர்க்கும் ரோமும் ஒரு சொல்லைக் கூடக் கலந்து பேசாமல் ஒரே குறையைக் கண்டுபிடித்தன என்றால், குறை உண்மையில் அங்கே இருந்தது என்பதே பொருள்.

இது எதிர்த்தரப்பின் நேர்மையைக் குறைத்துச் சொல்வதாகாது. கொந்தரீனியும் பூட்சரும் மனப்பூர்வமாக உழைத்தார்கள். ஆனால் சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு மனிதன், ‘நான் எதை நம்பிக் கண்மூடுவது?’ என்று கேட்டால், அவனுக்கு இரண்டு பொருள் தரும் விடையைச் சொல்ல முடியாது. லூதருக்கு இது ஏட்டுச் சிக்கலாக ஒருபோதும் இருந்ததில்லை. மடத்தில் இருந்த ஆண்டுகளில் தன் நோன்பும் பாவ அறிக்கையும் போதுமா என்று தெரியாமல் அவர் பட்ட வேதனையிலிருந்து பிறந்த கேள்வி அது. ஆகவே பிளவின் வேர் மீட்பு பற்றிய கோட்பாட்டில்தான் இருக்கிறது என்ற பழைய கருத்தைக் கைவிட நான் காரணம் காணவில்லை.

---

பேராலயமணி

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து எழுதுகிறேன். மேலே உள்ள மூன்று பதிவுகளிலும் நற்கருணை ஓரத்தில் வைக்கப்பட்டிருப்பதை மறுக்க விரும்புகிறேன். ரேகன்ஸ்பர்க்கில் பேச்சை முறித்தது அதுவே. அதை ஒரு சாக்காகவோ அதிகாரப் போட்டியின் மறைப்பாகவோ கொள்வது அங்கிருந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

குரோப்பரும் பூட்சரும் ஆக்கிய வரைவில், அப்பமும் இரசமும் எவ்வாறு கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்ற விளக்கம் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டிருந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் (திருச்சபை முழுவதற்குமான ஆயர்களின் பேரவை) பயன்படுத்திய பொருள் மாற்றம் என்ற கோட்பாட்டுச் சொல் அதில் இடம்பெற வேண்டும் என்று கொந்தரீனி வற்புறுத்தினார். இவர் பிடிவாதக்காரர் அல்லர். ஐந்தாம் பிரிவுக்காக ரோமின் சினத்தைத் தாங்கத் துணிந்தவர். அவரே இங்கு நின்றுவிட்டார் என்பதைச் சிந்திக்க வேண்டும். பொதுச்சங்கம் ஒன்று அறிவித்ததை இளவரசர்களின் அமைதிக்காக விட்டுக்கொடுக்கும் உரிமை தமக்கில்லை என்று அவர் கருதினார். உண்மையைத் தெளிவற்ற சொற்களுக்குள் ஒளித்துப் பெறும் ஒற்றுமையை அவர் விரும்பவில்லை. எழில்மலர் அம்மையார் ஐந்தாம் பிரிவைப் பற்றி எழுப்பிய அதே கவலையைக் கொந்தரீனி நற்கருணையைப் பற்றி எழுப்பினார் என்று சொன்னால் மிகையாகாது.

எளிய விசுவாசியின் இடத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். மீட்பு பற்றிய நுட்பங்களை ஓர் உழவர் குடும்பம் அறிந்திருக்காது. ஆனால் திருப்பலியின்போது குருவின் கைகளில் உயர்த்தப்படுவது கிறிஸ்துவா, திருப்பலி முடிந்த பின் பேழையில் வைக்கப்படுவதன் முன் மண்டியிடுவது வழிபாடா சிலை வணக்கமா, திருவுடல் பெருவிழாவில் தெருவழியே பவனி செல்வது யார் என்ற கேள்விகள் ஒவ்வொரு ஊரையும் தொட்டன. ரேகன்ஸ்பர்க்கிலும் பேழையில் வைத்து வணங்குவது பற்றி வாதம் எழுந்தது.

சீர்திருத்தத் தரப்புக்குள்ளும் இதே இடத்தில்தான் உடைப்பு நேர்ந்தது என்பதை நினைவுகூரலாம். 1529 அக்டோபரில் ஹெஸ்ஸன் இளவரசர் ஃபிலிப் தம் மார்பர்க் கோட்டையில் லூதரையும் சூரிச் நகரின் ஸ்விங்லியையும் சந்திக்க வைத்தார். 15 பிரிவுகளில் 14இல் முழு இணக்கம். பதினைந்தாவதில், கிறிஸ்து உடலளவில் உண்மையாக அப்பத்தில் இருக்கிறாரா என்ற ஒன்றில் முறிவு. ‘இது என் உடல்’ என்ற இலத்தீன் வரியை லூதர் மேசை மீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து அங்கிருந்து அசைய மறுத்தார். அங்கே ரோமின் அதிகாரம் பற்றிய வழக்கு எதுவும் இல்லை; பறிக்கப்பட்ட ஆயர் இருக்கை எதுவும் இல்லை.

---

தேனருவி

வாசித்துக்கொண்டிருக்கிறேன், மிகவும் பயனுள்ள விவாதம். ஒரு வேண்டுகோள்: கொந்தரீனி யார், ரோமில் அவர் எவ்வளவு ஆதரவு பெற்றிருந்தார், உரையாடல் தோற்ற பின் அந்த அறுவரும் என்ன ஆனார்கள் என்று யாராவது சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

---

வைகறை

தேனருவி அவர்களின் கேள்விக்கு விடை சொல்வதே மற்ற மூவருக்கும் நான் தரக்கூடிய மறுமொழியாகவும் அமையும்.

கொந்தரீனி 1483இல் வெனிஸின் உயர்குடியில் பிறந்தவர்; லூதர் பிறந்ததும் அதே ஆண்டு. 1511இல், பாஸ்காவுக்கு முந்தைய சனிக்கிழமை பாவ அறிக்கை செய்துவிட்டு வந்தபோது, தாம் எவ்வளவு தவம் செய்தாலும் தம் பாவங்களுக்கு ஈடாகாது, கிறிஸ்துவின் பாடுகளே அதற்குப் போதும் என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது. துறவு பூண்ட நண்பர் ஒருவருக்கு இதை அவர் கடிதத்தில் எழுதினார். அக்கடிதங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அச்சில் வெளிவந்தன. லூதர் என்ற பெயரை ஐரோப்பா கேள்விப்படும் முன்னரே, லூதரின் வேதனையையும் அதற்கான விடையையும் ஒத்த ஒன்றை ஓர் இத்தாலியப் பொதுநிலையினர் அடைந்திருந்தார். அவர் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. குடியரசின் தூதராகத் தொடர்ந்தார், 1521இல் வோர்ம்ஸ் மன்றத்துக்கும் அப்பணியிலேயே சென்றார். எழில்மலர் அம்மையாரின் வாதத்தை நான் மறுப்பதற்கு இதுவே முதல் காரணம். அந்த விசுவாச அனுபவம் ஒரு தரப்பின் தனிச்சொத்தாக இருந்ததில்லை.

1535இல் மூன்றாம் பவுல், குருப்பட்டம் கூடப் பெறாத அவரைக் கர்தினால் ஆக்கினார். 1537இல் அவர் தலைமையிலான குழு திருச்சபையின் சீர்கேடுகளைப் பற்றிப் போப்பாண்டவரிடமே ஓர் அறிக்கை அளித்தது. பதவி விற்பனை, தம் மறைமாவட்டத்தில் வாழாத ஆயர்கள், தகுதியற்ற குருக்கள், ஒருவரே பல பதவிகளின் வருவாயைப் பெறுவது என எதையும் அது மறைக்கவில்லை. போப்பாண்டவரின் அதிகாரத்தை வரம்பின்றி உயர்த்திப் பேசிய சட்ட அறிஞர்களே இத்தீமைகளின் ஊற்று என்று அது துணிந்து எழுதியது. அறிக்கை வெளியே கசிந்தது. லூதர் அதை 1538இல் ஜெர்மனில் பெயர்த்து ஏளன முன்னுரையுடன் வெளியிட்டார். அதில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் ஜியான் பியெத்ரோ கராஃபா. அவரே பிற்காலத்தில் நான்காம் பவுல் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆகி, 1559இல் வெளியிட்ட தடைநூல் பட்டியலில் அதே அறிக்கையைச் சேர்த்தார்.

ரேகன்ஸ்பர்க்குக்குப் பின் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1542 சூலையில் ரோமின் மத்திய விசாரணை மன்றம் கராஃபாவின் முனைப்பால் நிறுவப்பட்டது. ஆகஸ்டில் கொந்தரீனி பொலோஞ்ஞாவில் இறந்தார். அதே மாதம் இத்தாலியின் புகழ்பெற்ற மறையுரையாளரும் கப்புச்சின் சபையின் தலைவருமான ஒக்கீனோ ஆல்ப்ஸைத் தாண்டி ஜெனிவாவுக்கு ஓடினார். எக் தம் ஒப்புதலை மறுதலித்துவிட்டு 1543இல் மறைந்தார். வரைவை ஒன்றாக எழுதிய குரோப்பரும் பூட்சரும், கொலோன் பேராயர் ஹெர்மன் ஃபான் வீட் தம் மறைமாவட்டத்தைப் பூட்சரின் துணையுடன் சீர்திருத்த முயன்றபோது, எதிரெதிர் அணிகளின் தலைவர்களாக நின்றனர். குரோப்பர் கொலோனைக் கத்தோலிக்கத்துக்குக் காத்துக் கொடுத்தவர். அவரும் கடைசிக் காலத்தில் ரோமில் மதவிரோதக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. ஐந்தாம் பிரிவைக் கேட்டு மகிழ்ந்து கொந்தரீனிக்கு எழுதிய ஆங்கிலேயக் கர்தினால் ரெஜினால்ட் போல், 1557இல் தம் தூதர் பதவி பறிக்கப்பட்டு விசாரணைக்காக ரோமுக்கு அழைக்கப்பட்டார். அரசி மேரி அவரை அனுப்ப மறுத்ததால் தப்பினார். ரேகன்ஸ்பர்க்கில் கொந்தரீனியுடன் பணியாற்றிய தூதர் மொரோனே அதே ஆண்டு சாந்தாஞ்செலோ கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, நான்காம் பவுல் இறந்த பின்னரே வெளியே வந்தார்.

அதே 1557இன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பூட்சரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. பொதுச்சங்கம் முடிவு செய்யும் வரை சமய நடைமுறைகளை வகுத்த சார்லஸின் இடைக்கால ஆணையை ஏற்காமல் நாடு கடந்து சென்று 1551இல் அங்கே இறந்தவர் அவர். இதை நிறைவேற்றிய விசாரணைக் குழு, அப்போது இன்னும் தூதராக இருந்த போலின் அதிகாரத்தின் கீழ் இயங்கியது. 1541இல் ஒரே வாக்கியத்தைக் கண்டு மகிழ்ந்த இருவரில் ஒருவரின் பெயரால் மற்றவரின் சாம்பல் காற்றில் விடப்பட்டது. இவர்கள் யாரும் தம் விசுவாசத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது, எதைச் சொன்னால் ஒருவர் தம்மவர், எதைச் சொன்னால் பகைவர் என்று வகுக்கும் அதிகாரம்.

பேராலயமணி ஐயாவின் பதிவையும் நான் அவ்வாறே வாசிக்கிறேன். கொந்தரீனி நற்கருணையில் நின்றது, பொதுச்சங்கம் சொன்னதை மாற்றும் உரிமை தமக்கில்லை என்பதால்தான் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நற்கருணைக் கேள்வி அங்கே அதிகாரத்தின் கேள்வியாகவே வந்து சேர்கிறது.

---

பேராலயமணி

வைகறை, தங்கள் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க இயலவில்லை. ஒருவர் ஓர் உண்மையை நம்பகமானவரிடமிருந்து பெற்றுக்கொண்டார் என்பதால் அவருக்கு அந்த உண்மையில் அக்கறை இல்லை என்றாகாது. கொந்தரீனிக்குப் பொதுச்சங்கம் முக்கியம், ஏனெனில் அது காத்து நிற்பது நற்கருணையை.

---

கல்வெட்டுநேசன்

ஒரு காலக்கணக்கைச் சேர்க்கிறேன். லூதர் 1518 முதலே பொதுச்சங்கம் ஒன்றைக் கேட்டு முறையிட்டார். அது திரெந்து நகரில் கூடியது 1545 டிசம்பர் 13 அன்று. தொடக்க நாளில் வந்திருந்த ஆயர்கள் முப்பது பேர் அளவிலேயே. இரண்டு மாதங்களில் லூதர் இறந்துவிட்டார். 1547 சனவரி 13 அன்று, நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஆணை 16 அதிகாரங்களும் 33 விதிகளுமாக வெளிவந்தது. இரட்டை நீதி என்ற கருத்தை அகுஸ்தீனார் சபைத் தலைவர் செரிபாந்தோ முன்வைத்தும் அவை ஏற்கவில்லை. ஐந்தாம் பிரிவுக்குக் கதவு அன்றுதான் அடைபட்டது. அடுத்த ஏப்ரலில் மூல்பெர்க் களத்தில் சார்லஸ் சாக்சனியின் தேர்வாளரைச் சிறைபிடித்தார். ஃப்ளுக் அந்தப் போருக்குப் பிறகே, படையின் துணையால், தம் ஆயர் இருக்கைக்குச் சென்றார். இருபத்தேழு ஆண்டுத் தாமதத்துக்குப் பொதுச்சங்கத்தைக் கண்டு அஞ்சிய போப்பாண்டவர்களும், இத்தாலிக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த அரசர்களும் காரணம் என்பதைக் கோட்பாட்டு விவாதம் மறைத்துவிடக் கூடாது.

---

ஆற்றங்கரை

இதுவரை பேசப்பட்டவை இறையியலாளர்களும் அரசர்களும் பற்றியவை. அந்த நகரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். ரேகன்ஸ்பர்க் நகரமன்றம் உரையாடல் தோற்றதைப் பார்த்தது. மறு ஆண்டே, 1542 அக்டோபரில், லூதரின் முறையைத் தழுவியது. முதல் திருவிருந்து நொய்ப்ஃபார் கோயிலில் நடந்தது. பேராலயமும் ஆயரும் மடங்களும் கத்தோலிக்கமாகவே தொடர்ந்தன. ஒரே மதிலுக்குள், லூதரன் நகரமும் கத்தோலிக்க ஆயரகமும்.

அந்தக் கோயில் நின்ற இடத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1519இல், பேரரசர் மாக்சிமிலியன் இறந்து தங்களைக் காப்பவர் யாருமில்லாத வேளையில், அங்கு நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்கள் நகரைவிட்டுத் துரத்தப்பட்டனர். அவர்களின் தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் அழகிய மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் எழுந்து, மக்கள் பெருந்திரளாகத் திருப்பயணம் வந்தனர். அந்தத் துரத்தலுக்கு மக்களைத் தூண்டிய மறையுரையாளர் பால்தசார் ஹூப்மையர். அவரே பின்னாளில் குழந்தைத் திருமுழுக்கை மறுத்து மறுதிருமுழுக்கு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகி, 1528இல் வியன்னாவில் எரிக்கப்பட்டார். திருப்பயணம் ஓய்ந்தது, அந்த வளாகம் லூதரன் கோயிலாயிற்று. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு துண்டு நிலத்தில் இத்தனை நடந்தன.

மறுதிருமுழுக்கினரைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 1529இல் ஸ்பையர் மன்றத்தில் ஆறு இளவரசர்களும் 14 நகரங்களும் பெரும்பான்மை முடிவை எதிர்த்து அளித்த முறையீட்டிலிருந்தே புராட்டஸ்டண்ட் என்ற பெயர் வந்தது. அதே மன்றம்தான் மறுதிருமுழுக்கினருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தையும் இயற்றியது. அதை எதிர்த்து அவ்வாறான முறையீடு எதுவும் எழவில்லை. கத்தோலிக்கரும் லூதரன்களும் எதில் ஒன்றுபட முடிந்தது என்று கேட்பவர்கள் ஐந்தாம் பிரிவுக்கு முன்னதாக இதையும் பார்க்க வேண்டும்.

பிறகு வந்த அமைதி இறையியல் இணக்கத்தால் வரவில்லை. 1555 செப்டம்பர் 25 அன்று கையெழுத்தான ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, ஆட்சியாளரின் சமயமே நாட்டின் சமயம் என்று வகுத்தது. ஒப்பாதவர் சொத்தை விற்று வெளியேறலாம் என்றது. கால்வின் வழியினரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரு சமயத்தாரும் கலந்து வாழ்ந்த பேரரசு நகரங்களில் இருவரும் தொடர்ந்து இருக்கலாம் என்றும் அதில் ஒரு விதி இருந்தது. அந்த விதியின் கீழ் ஆக்ஸ்பர்க் நகரம் பட்ட பாடு தனி வரலாறு. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் திருத்திய நாட்காட்டியை நகரமன்றம் ஏற்றபோது, 1584இல் தெருவில் கலகம் வெடித்தது. பத்து நாள் வேறுபாட்டுக்காக மனிதர்கள் ஆயுதம் எடுத்தனர். 1629இல் லூதரன் போதகர்கள் பதவி நீக்கப்பட்டனர். 1632இல் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் நுழைந்ததும் நிலை தலைகீழாயிற்று. 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா அமைதிதான் நகரமன்றப் பதவிகள் ஒவ்வொன்றையும் இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிட்டது. அதன் பின் திருமணம், பள்ளி, உடை என எல்லாவற்றிலும் இரு சமயத்தாரும் விலகியே வாழ்ந்தனர். ஆனால் ஒருவரையொருவர் கொல்லவில்லை. புனித உல்ரிக் பெயரில் கத்தோலிக்கப் பேராலயமும் லூதரன் கோயிலும் அங்கே இன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன.

கோட்பாடா அதிகாரமா என்று மேலே விவாதிப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: பொதுமக்கள் உயிர் பிழைத்தது இவ்விரண்டில் எதற்கும் விடை கிடைத்ததால் அன்று. விடை கிடைக்காமலே அடுத்தடுத்த வீட்டில் வாழ்வதற்குச் சட்டம் ஒன்று கிடைத்ததால்.

---

எழில்மலர்

ஆற்றங்கரை அவர்களின் பதிவு இந்த இழையில் விடுபட்டிருந்ததைக் கொண்டுவந்தது. மறுதிருமுழுக்கினரைப் பற்றிச் சொன்னது எங்கள் மரபினர் தலை குனிய வேண்டிய செய்தி. அதை மழுப்பிப் பேச நான் விரும்பவில்லை.

இந்தப் பிளவு நம் மண்ணுக்கு வந்த விதத்தையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது, தமிழகத்தில் இயேசு சபையார் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றிக்கொண்டிருந்தனர். இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடி லூதரன்களை மறுத்து வேத விளக்கம் எழுதினார். ரேகன்ஸ்பர்க்கில் தீராத வழக்கு காவிரிப் படுகையில் தமிழ் உரைநடையாகத் தொடர்ந்தது.

வைகறை அவர்களுக்கு: கொந்தரீனியின் 1511ஆம் ஆண்டு அனுபவம் என்னை நெகிழச் செய்கிறது. ஆனால் அது அவருடைய தனிக் கடிதத்தில் நான்கு நூற்றாண்டுகள் உறங்கியது. லூதர் அதே விடையை மேடையேறி அறிவித்தார். அதைத் திருச்சபையின் போதனையாக்கக் கேட்டார். திரெந்து அதை மறுத்தது. ஒருவர் தம் உள்ளத்தில் நம்புவதற்கும், திருச்சபை தன் மக்களுக்குக் கற்பிப்பதற்கும் உள்ள இடைவெளியையே நான் கோட்பாட்டுப் பிளவு என்கிறேன்.

---

வைகறை

அம்மையார் சொன்ன அந்த இடைவெளியை மூடும் முயற்சி 1999 அக்டோபர் 31 அன்று நடந்தது. லூதரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. இடம் ஆக்ஸ்பர்க்கின் புனித அன்னாள் கோயில். 1518இல் போப்பாண்டவரின் தூதரான கர்தினால் கயத்தானின் முன் விசாரணைக்கு நிற்க வந்த லூதர் தங்கியிருந்த கார்மேல் மடத்தின் கோயில் அது; ஃபுக்கர் குடும்பத்தின் கல்லறைச் சிற்றாலயமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இரு தரப்பும் ஒன்றையொன்று கண்டித்து விதித்த கண்டனங்கள், இந்த அறிக்கையில் சொல்லப்படும் போதனையைத் தாக்குவன அல்ல என்று அதில் ஏற்கப்பட்டுள்ளது. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஒன்றியமும் அதில் இணைந்தன.

ஆயினும் கையெழுத்திட்டவர்கள் ஒரே நற்கருணைப் பந்தியில் இன்றும் அமர இயலாது. ஒருவரின் குருத்துவத்தை மற்றவர் முழுமையாக ஏற்பதில்லை. 1541இல் எந்த வரிசையில் இணக்கமும் முறிவும் வந்தனவோ அதே வரிசையிலேயே 1999க்குப் பின்னும் நிற்கின்றன. நான் இதை அதிகாரத்தின் கேள்வி என்று வாசிக்கிறேன்.

---

பேராலயமணி

நானோ இதையே நற்கருணையின் கேள்வி என்று வாசிக்கிறேன், வைகறை. குருத்துவத்தைப் பற்றி நாங்கள் கேட்பது, பலிபீடத்தில் நடப்பது என்ன என்பதைக் கேட்பதற்காகவே. 1551இல் திரெந்து நற்கருணை பற்றிய தன் ஆணையை வெளியிட்டது. அதே அமர்வின் காலத்தில் வூர்ட்டம்பர்க், ஸ்ட்ராஸ்பர்க் முதலிய இடங்களிலிருந்து சீர்திருத்தத் தரப்புப் பிரதிநிதிகளும் திரெந்துக்கு வந்து, 1552 வரை காத்திருந்து திரும்பினர். அந்தச் சந்திப்பில் என்ன கேட்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது என்பதைத் தனி இழையாக எழுதத் தொடங்குகிறேன். தங்கள் வாதத்தை அங்கே வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.